கோச்சிப் பாட்டில் ஒரு பேர்

பள்ள லயம்,
மொட்டைப்பாறைத் தோட்டம்,
பதுளை.
12.4.1999

அன்புள்ள நாத்தனார் யோகம்மாவுக்கு,

மதினி கனகம் எழுதிக்கொள்வது. நானும் மகள் நிரோஜாவும் சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் மழை வருவதை வானத்துக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? ஆர்த்திகா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாளா?

பங்குனித் திருவிழா போன கிழமை முடிந்தது. பதுளையிலிருந்து கீபோர்ட், டிரம் செட் எல்லாம் லொறியில் வந்து இறங்கியது. பையன்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் மஞ்சள் தண்ணி அன்று மத்தியானம், "மைக்க அண்ணனுக்குக் குடுங்கடா, கோச்சிப் பாட்டுக்கு நேரமாச்சு" என்று சனம் சத்தம் போட்டது. என் அண்ணன் தனேஸ்வரன் உடுக்கையைத் தூக்கிக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்து நடுவில் வந்து நின்றார்.

என் கடிதங்களை ஆர்த்திகாவும் படிக்கிறாளாமே, அவளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப்படி நம் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய நாளில் சின்னாத்தா என்று ஒருத்தி, லயத்து வரிசையில் தன் காம்பரா அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பதுளையில் கோச்சி, அதாவது ரயில், ஏறிவிட்டாள். சாவி இல்லாமல் துரை குதிக்கிறார். கங்காணி துரத்துகிறார். தெமோதரையில் கோச்சி மலையைச் சுற்றி வளைந்து வருவதற்குள் அவர் குறுக்கே ஏறி ஸ்டேஷனில் போய் நின்றாராம். அந்தச் சண்டைதான் பாட்டு.

*சாவியக் குடு சின்னாத்தா – அது
கம்பெனி காம்பரா.
காம்பரா ஒங் கம்பெனிக்கு – அந்தக்
கரிச்சுவரு எனக்கு.*

கதை முடிந்ததும் பேர் வரிசை. தோட்டத்தைவிட்டு இந்தியா போன ஒவ்வொரு குடும்பத்தையும் லயம் லயமாக ஆம்பளைப் பேர் சொல்லிப் பாடுவார். அந்த வருடம் அவர்களிடமிருந்து கடிதாசி வந்திருந்தால், உறவுக்காரர் அதைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். உடனே "சுகமே" என்று இழுப்பார். கடிதாசி இல்லையென்றால் தப்புப் பறையில் ஒரே ஒரு அடி, அடுத்த பேர். மூன்று வருடம் தொடர்ந்து ஒற்றை அடி விழுந்தால் அந்தப் பேரைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

யோகம்மா, உன் அண்ணன் பேருக்கு, என் புருசன் பேருக்கு, போன வருடம் ஒற்றை அடி. இந்த வருடமும் ஒற்றை அடி. உன் கடிதத்தைத் தூக்கலாமா என்று பார்த்தேன். "இது தங்கச்சி எழுதுனது, அவர் எழுதலையே" என்று என் அண்ணனே சொல்லிவிட்டார். உன் அண்ணனை ஒரே ஒரு கடிதாசி போடச் சொல். நான்கு வரி போதும்.

உன் மதினி,
கனகம்

*

கோத்தகிரி,
20.5.1999

அன்பும் மரியாதையும் உள்ள மதினிக்கு,

யோகம்மாவின் வணக்கம். உங்கள் நீலக் கடிதாசி கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் நலம். அவருக்கு இருமல் குறைந்துவிட்டது. ஆர்த்திகா பாஸாகிவிடுவாள் என்று அவளே சொல்கிறாள், பார்ப்போம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் சுடவைத்துத் தேயுங்கள், குளிர்தண்ணீரில் நிற்காதீர்கள்.

கோச்சிப் பாட்டு என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கை ஓடவில்லை, மதினி. இங்கே திருவிழா என்றால் ரெக்கார்டு போடுகிறார்கள், ஒலிபெருக்கி கத்துகிறது. ஆனால் நம் பெயரைச் சொல்ல இங்கு யார் இருக்கிறார்கள்? பதினாறு வருடமாகியும் நாங்கள் "சிலோன்காரங்க"தான். கொழுந்து எடுக்கும்போது நான் அந்தப் பாட்டை முணுமுணுப்பேன். பக்கத்து நிரைப் பெண்கள், "அந்தச் சாவிக்காரி பாட்ட எடு யோகம்மா" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

என் அண்ணன் தப்படித்தது நினைவிருக்கிறதா? கோச்சி மேட்டில் ஏறும் இடத்தில் மெதுவாகத் தொடங்கி, தெமோதரை வந்ததும் கோச்சிக்கு மூச்சு முட்டுவதுபோல அடிப்பார். கங்காணி ஓடுகிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஓடுவோம். நான் ஒரு தடவை ஓடிச் சேற்றில் விழுந்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

அண்ணன் கூடலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார். பொங்கலுக்கு வந்தால் சொல்கிறேன். இந்த வருடம் இங்கே நல்ல மழை, அட்டைகளும் அதிகம்.

தங்கள் அன்பு நாத்தனார்,
யோகம்மா

*

மொட்டைப்பாறைத் தோட்டம்,
2.7.1999

அன்புள்ள யோகம்மாவுக்கு,

உன் கடிதாசியை ஸமீம் முதலாளி கடையிலிருந்து நிரோஜா கொண்டுவந்தாள். இருவரும் நலமே. நீங்களும் அப்படியே இருக்க மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மழை எழுதினாய், அட்டை எழுதினாய், சேற்றில் விழுந்ததைக்கூட எழுதினாய். உன் அண்ணனைப் பற்றி ஒன்றரை வரி. அவர் என்ன அட்டையைவிடக் கேவலமாகிவிட்டாரா? சரி போகட்டும், நீயும்தான் என்ன செய்வாய்.

இங்கே ஒரு நல்ல காரியம் கூடி வருகிறது. நிரோஜா ஸமீம் முதலாளியின் துணிக்கடையில் நிற்கிறாள் அல்லவா, கொஸ்லந்தையிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற சஜீவன் என்ற பையன் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல பையன், சிரித்த முகம். அவன் தாய்தான் கொஞ்சம் பார்வைக்காரி. தேத்தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டே, "தகப்பன் எங்கிட்டு இருக்காரு?" என்று கேட்டாள். "இந்தியாவுலங்க, பேப்பர் சரியில்லாமப் போச்சு. கடிதாசி வரும்" என்றேன். "அப்ப சரி, திருவிழாவுக்கு வர்றோம், பாட்டக் கேப்போம்" என்றாள். அவளுக்கும் நம் வழக்கம் தெரியும்.

இதுதான் எனக்கு இப்போது கவலை. அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் பேர் பாட்டைவிட்டுப் போனால் நான் எந்த முகத்தோடு எழுந்து நிற்பேன்? "போய் ஆறு மாசத்துல ஒன்னையும் புள்ளையையும் கூப்பிட்டுக்கிறேன்" என்றுதானே சொல்லிவிட்டுக் கோச்சி ஏறினார். எங்கள் பேப்பர் சரியாவதற்குள் இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றுபோனது அவர் குற்றமில்லை என்று பதினாறு வருடமாக இந்த லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

அந்த மனிதனை நான் கட்டியதே தப்புச் சத்தத்துக்காகத்தான், உனக்குத் தெரியும். என் அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "கையில மட்டுந்தான் தாளம் இருக்கு, அவங்கிட்ட வேறெதும் இல்ல" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கழுதை வயசு அப்போது.

பதில் போடு.

மதினி,
கனகம்

*

கோத்தகிரி,
14.9.1999

மதிப்புள்ள மதினிக்கு,

வணக்கம். பதில் பிந்தியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் பத்து நாள் கிடந்தேன், இப்போது பரவாயில்லை. வீட்டில் மற்றவர்கள் நலம். நிரோஜா கல்யாணச் செய்தி கேட்டு நானும் ஆர்த்திகாவும் பாயாசம் காய்ச்சிக் குடித்தோம்.

அண்ணனுக்குக் கையில் அடிபட்டிருக்கிறதாம். கவ்வாத்துக் கத்தி வெட்டியதாம். எழுதுவது சிரமம் என்று தகவல் வந்தது. வேறு விசேஷம் இல்லை.

யோகம்மா

*

மொட்டைப்பாறைத் தோட்டம்,
9.10.1999

அன்புள்ள யோகம்மாவுக்கு,

காய்ச்சல் முழுதாகப் போனதா? கொத்தமல்லி அவித்துக் குடி. நாங்கள் சுகம்.

கை வெட்டுப்பட்டால் வாயுமா வெட்டுப்பட்டது? அவர் சொல்ல நீ எழுதலாமே. கீழே ஒரு கைநாட்டு வைத்தால் போதும், என் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். தோட்டத்துச் சம்பளப் புத்தகத்திலேயே கைநாட்டு செல்லும்போது கோச்சிப் பாட்டில் செல்லாதா?

கல்யாணத்தை வருகிற ஆவணியில் வைக்கலாம் என்று பேச்சு. திருவிழாவுக்குச் சஜீவன் வீட்டில் பத்துப் பேர் வருகிறார்களாம். நிரோஜா ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் கடையில் தபால்காரன் மணியடித்தால் முதலில் ஓடுவது அவள்தான் என்று ஸமீம் முதலாளி சொன்னார். அப்பா முகம் தெரியாத பிள்ளை. மூன்று வயதில் பார்த்தது.

உன்னை நெருக்குகிறேன் என்று நினைக்காதே. நெருக்க எனக்கு வேறு யாரும் இல்லை.

மதினி,
கனகம்

*

கூடலூர்,
3.1.2000

அன்பு மனைவி கனகத்துக்கு,

உன் கணவன் வைரவநாதன் எழுதுவது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். அதுபோல நீயும் மகள் நிரோஜாவும் நலமாயிருக்க வேண்டும். இவ்வளவு நாள் கடிதம் போடாததற்கு என்னை மன்னித்துக்கொள். கை காயத்தால் எழுத முடியவில்லை. இப்போது ஆறிவிட்டது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஈரத்தில் அதிக நேரம் நிற்காதே. வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவா. நீ ஒருத்தியாக நின்று பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு என்னால் வர முடியுமோ முடியாதோ, என் ஆசீர்வாதம் உண்டு. கோச்சிப் பாட்டில் என் பேர் வரும்போது இந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டு. பாட்டைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

இப்படிக்கு, உன் அன்புக் கணவன்,
வைரவநாதன்

*

மொட்டைப்பாறைத் தோட்டம்,
5.2.2000

யோகம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

கூடலூரிலிருந்து ஒரு கடிதாசி வந்தது. நிரோஜா படித்துவிட்டு அழுதாள். லயத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "பாத்தியா, நான் சொல்லல" என்று நானும் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் போன பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

அடியே, உன் அண்ணனோடு நான் நான்கு வருடம் குடும்பம் நடத்தியவள். நிரோஜா வயிற்றில் இருக்கும்போது கொழுந்து மலையில் மயங்கி விழுந்தேன், அன்றைக்குக்கூட அந்த மனிதன், "கொழுந்துக் கூட எங்க கெடக்கு?" என்றுதான் கேட்டார். அவரா என் முழங்காலைக் கேட்பார்? முழங்கால் வலி வந்ததே அவர் போய்ப் பத்து வருடம் கழித்து. அதைப் பற்றி இந்தியாவில் அறிந்தது நீ ஒருத்திதான். உன் வேப்பெண்ணெயும் கூடவே வந்துவிட்டது. ஆர்த்திகா எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது, சொல்லு அவளிடம்.

கடிதாசி ரொம்ப நன்றாக இருந்தது, அதுதான் கெடுத்துவிட்டது. அப்படி ஒரு வார்த்தை அவரிடமிருந்து வந்திருந்தால் நான் இத்தனை வருடம் இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருப்பேன்.

இனி ஒளிக்காதே. செத்துவிட்டாரா? செத்திருந்தால் சொல், செய்ய வேண்டியதைச் செய்கிறேன். உயிரோடு இருந்தால் அதையும் சொல்.

கனகம்

*

கோத்தகிரி,
26.2.2000

மதினிக்கு,

வணக்கம். உங்கள் காலில் விழுந்து எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். கையில் காயம் ஒன்றும் இல்லை. கூடலூரில் அவருக்குக் குடும்பம் இருக்கிறது, மதினி. பன்னிரண்டு வருடமாகிறது. இரண்டு ஆண் பிள்ளைகள். முன்பெல்லாம் உங்களுக்கு வந்த கடிதங்கள் அவர் எழுதியவைதான், பொய்யில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால், "இனிமே என்ன கேக்காத, யோகம்" என்று பேனாவை வைத்துவிட்டுப் போனவர், பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

போன மாதம் நானே கூடலூர் போனேன். கெஞ்சினேன். அவர் உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களைப் பற்றிக் கேட்டார் என்று எழுதினால் நீங்கள் இன்னும் காத்திருப்பீர்கள். கேட்கவில்லை என்று எழுத என் கை வராது. கடிதத்தை நான் சொல்ல ஆர்த்திகா எழுதினாள். அங்கேயே தபாலில் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு உங்களிடம் சொல்ல இருந்ததையெல்லாம் அவர் வாயில் வைத்துவிட்டேன்.

ஏன் ஒளித்தாய் என்று கேட்பீர்கள். நிரோஜாவுக்காக என்று சொல்லலாம், அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தவரை அவர் பேரைப் பாடினார்கள். பிறகு அண்ணன் பேர். அந்தப் பேருக்குள்தானே நானும் இருக்கிறேன்? என் வீட்டுக்காரர் அப்புத்தளைப் பக்கத்து ஆள், அவர் தோட்டத்தில் இப்படிப் பாட்டு இல்லை. அண்ணன் பேரை எடுத்துவிட்டால் அங்கே என்னை நினைக்க ஒரு அடியும் இருக்காது. உண்மை தெரிந்தால் நீங்களும் எனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். இங்கு எனக்குக் கடிதம் போடுகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்திதான்.

இனி உங்களை மதினி என்று கூப்பிட எனக்கு உறவு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

யோகம்மா

*

கோத்தகிரி,
2.4.2000

அன்புள்ள மதினிக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்களிடமிருந்து பதில் இல்லை. இந்தக் கிழமை திருவிழாவாக இருக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நான் அனுப்பிய அந்தக் கடிதத்தை நீங்கள் தூக்கிக் காட்டினால் அது பொய் என்று உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நிரோஜா காரியம் நல்லபடியாக முடியும். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

யோகம்மா

*

பள்ள லயம்,
மொட்டைப்பாறைத் தோட்டம்,
19.4.2000

அன்புள்ள நாத்தனார் யோகம்மாவுக்கு,

நான் சுகம். நிரோஜா சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். உன் கடைசிக் கடிதாசி திருவிழா முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. முன்னால் வந்திருந்தாலும் நடந்தது நடந்துதான் இருக்கும்.

உண்மை வந்த அன்று அழுதேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அவரைத் திட்டினேன், உன்னையும் திட்டினேன், அந்தத் தப்புப் பறையைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினேன். நான்காம் நாள் நிரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடிதாசியை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "அந்தக் கடிதாசில இருந்ததெல்லாம் அத்தை சொன்னதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அதத் தூக்கிப் போட வேணாம்மா" என்றாள். அவள்தான் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

தாலி இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. கழற்றுவதா வேண்டாமா என்று எனக்கு முடிவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

மஞ்சள் தண்ணி அன்று நல்ல வெயில். சஜீவன் வீட்டார் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சின்னாத்தாவைக் கோச்சி ஏற்றினார், கங்காணியை ஓடவிட்டார், பிள்ளைகளும் ஓடினார்கள். பேர் வரிசை வந்தது. மேட்டு லயம் முடிந்தது. பள்ள லயத்தில் நமது பேர்தான் முதல்.

"பள்ள லயம் வைரவநாதன்... கடிதாசி வந்துச்சா?"

எழுந்து நின்றேன். "வரலைங்க. அவருக்கு அங்கிட்டுக் குடும்பம் இருக்கு. பேர எடுத்துருங்க" என்றேன். தப்புக்காரன் அடிக்கத் தூக்கிய குச்சியை இறக்கிவிட்டான். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மடியில் கட்டி வைத்திருந்த உன் கடிதங்களை எடுத்தேன். பதினாறு வருடத்துக் கட்டு. இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. "ஆனா இந்த வீட்டுக்குக் கடிதாசி வந்துக்கிட்டுத்தான் இருக்கு. எழுதுனது யோகம்மா. அவ பேரப் பாடுங்க" என்றேன்.

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "பொம்பளப் பேரத் தனியாப் பாடுற வழக்கம் இல்லையே, தனேசு" என்றார் ஒருவர். அண்ணன் திரும்பினார்: "இவ்வளவு நேரம் பாடுனோமே, சின்னாத்தா ஆம்பளையா?" களமே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உடுக்கையை எடுத்துவிட்டார்.

*பள்ள லயம் யோகம்மா – எங்க
கோத்தகிரி யோகம்மா
கடுதாசி போட்ட புள்ள – அங்க
சுகமே சுகமே.*

இரண்டு தடவை "சுகமே" பாடினார். யாருக்கும் அவர் அப்படிப் பாடியதில்லை. உன்னோடு சேற்றில் ஓடினவர்கள் நான்கைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும்தான்.

சஜீவன் தாய் எழுந்து என் பக்கம் வந்தாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "தகப்பன் வர மாட்டாருன்னு நான் அன்னிக்கே வீட்டுல சொல்லிட்டேன், சம்பந்தி. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அவள் பார்வைக்காரி என்று நான் எழுதியது சரிதான். ஆவணி இருபத்தி நான்கில் கல்யாணம். தாய்மாமன் என் அண்ணன் இருக்கிறார். அத்தை முறைக்கு நிரோஜா உன் பேரைத்தான் பத்திரிகையில் போடச் சொல்கிறாள். வர முடியாது என்று தெரியும், பேர் இருக்கட்டும்.

உனக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தாயே, அதற்கு இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன். உன் அண்ணனை விட்டுவிட்டேன். உன்னை விடவில்லை. அடுத்த கடிதாசியில் உன்னைப் பற்றி எழுது, அவரைப் பற்றி வேண்டாம்.

என்றும் உன் மதினி,
கனகம்